திரும்பிப் போக இரண்டு இருக்கை

அனுப்புநர்:
தங்கள் விமானத்தில் இரண்டு வயது மகனுடன் வந்த தாய்,
கண்ணாடிக் கடையில் பார்வை அளவு பார்க்கும் வேலையை விட்டுவிட்டு இந்த நகரத்துக்குக் குடிவந்தவர்.
(பெயர், பாஸ்போர்ட் எண், இருக்கை விவரம் இணைப்பில்.)

பெறுநர்:
பயணிகள் குறைதீர்ப்பு உயர் அலுவலர் அவர்கள்,
விமான நிறுவனத் தலைமை அலுவலகம்.

பொருள்: குழந்தைக்குத் தாயே மயக்க மருந்து கொடுத்தார் என்று தவறாகப் பதிவுசெய்து, தந்தை இல்லாமல் அக்குழந்தையுடன் பறக்க எனக்கு விதித்துள்ள தடையை நீக்கக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, அல்லது அம்மா, யார் படித்தாலும் வணக்கம்.

1. இந்த மனுவைத் தங்கள் நகர அலுவலகத்தின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கவுண்டரில் இருக்கும் பெண்தான், "எழுதிக் குடுங்க மேடம், மேல அனுப்பறேன்" என்று தாளும் பேனாவும் தந்தார். மேலே என்றால் தாங்கள் என்று எடுத்துக்கொண்டேன். நான் வந்தது, எனக்கும் என் மகனுக்கும் ஊர் திரும்ப இரண்டு இருக்கை பதிவு செய்ய. எனக்குப் போடலாமாம், அவனுக்குப் போட முடியாதாம். ஏன் என்று கேட்டதற்கு அந்தப் பெண் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் தோளில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க மருந்து குடுத்து மயக்கினதா இருக்கு மேடம். குழந்தையோட அப்பா கூட வரணும். இல்லன்னா அவர் நேர்ல வந்து சம்மதம் சொல்லணும்" என்றார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் ஓரடி தள்ளி நின்றார்.

2. நான் கொடுக்கவில்லை. மனுவின் சாரம் இவ்வளவுதான். தங்களுக்கு நேரமில்லையென்றால் இதோடு நிறுத்திக்கொண்டு தடையை நீக்கிவிடலாம். நேரமிருந்தால் மேலே படிக்கவும்.

3. என் கணவர் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அலுவலர். தலைக்கவசம் போடாமல் உள்ளே வருபவரைத் திருப்பி அனுப்புவதும், எரியும் பொருளை எங்கே வைக்க வேண்டும் என்று பலகை எழுதி மாட்டுவதும் அவர் வேலை. அந்த வேலை இந்த நகரத்தில் பெரிய இடத்தில் கிடைத்ததால்தான் குடும்பத்தோடு கிளம்பினோம். ஒரே மூச்சில் பறக்கிற நீண்ட பயணம். என் மகன் வீட்டிலேயே ஒரு இடத்தில் ஐந்து நிமிடம் உட்கார மாட்டான். அவனைச் சுண்டு என்று கூப்பிடுவோம். சுண்டிவிட்ட காசு போல எந்தப் பக்கம் விழுவான் என்று தெரியாது என்பதால் வந்த பெயர்.

4. பயணம் முடிவானதும் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும் எனக்கு ஒரே யோசனைதான் சொன்னார்கள். சளி மருந்து ஒரு மூடி கொடுத்தால் பிள்ளை தூங்கிவிடும், நீயும் நிம்மதியாகத் தூங்கலாம் என்றார்கள். கடை முதலாளி சொன்னார். மாடி வீட்டு அக்கா சொன்னார். என் அம்மா தினமும் சொன்னார். மருந்து நோய்க்கு, என் வசதிக்கு அல்ல என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். அப்போது என் கணவர் பக்கத்தில்தான் இருந்தார். "அவ சொல்றதுதான் சரி, மருந்தெல்லாம் வேணாம்" என்று அம்மாவிடம் அவரே எனக்காகப் பேசினார். அன்று எனக்கு அவர்மேல் எவ்வளவு பிரியம் வந்தது என்பதையும் இந்த மனுவில் பதிவு செய்ய விரும்புகிறேன். அது தங்கள் துறைக்குத் தேவைப்படாது. எனக்குத் தேவைப்படுகிறது.

5. மருந்துக்குப் பதிலாக நாங்கள் வீட்டிலேயே விமானம் ஓட்டினோம். சாப்பாட்டு மேசை நாற்காலிகள் மூன்றை வரிசையாகப் போட்டு, என் துப்பட்டாவை பெல்ட்டாகக் கட்டி, சுண்டுவை நடுவில் உட்கார வைப்பேன். என் கணவர் முன்னால் நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு, "பயணிகளின் கவனத்திற்கு, எல்லாரும் சமத்தா உக்காருங்க, இல்லன்னா கேப்டன் அழுவார்" என்று அறிவிப்பார். பிள்ளை விழுந்து விழுந்து சிரிப்பான். முதல் நாள் இரண்டு நிமிடம் உட்கார்ந்தான். கிளம்பும் வாரத்தில் ஒரு முழுப் படப் புத்தகம் முடியும்வரை உட்கார்ந்தான். கைப்பை நிறைய ஸ்டிக்கர்களும், ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கத் தாளில் சுற்றிய சின்னச் சின்னப் பொம்மைகளும் எடுத்து வைத்தேன். பரீட்சைக்குப் படித்த பிள்ளையின் தைரியத்தோடுதான் விமானத்தில் ஏறினேன்.

6. ஏறிய சிறிது நேரத்திலேயே என் மகன் என் மகனாக இல்லை. தூங்கவில்லை, உட்காரவில்லை, ஸ்டிக்கரை வாங்கி என் முகத்தில் எறிந்தான். கண்கள் எங்கோ நிலைகுத்த, சிரிப்பதும் அலறுவதுமாக மாறி மாறிச் செய்தான். முன் இருக்கையில் இருந்தவரின் வழுக்கைத் தலையை இரண்டு கையாலும் மேளம் போலத் தட்டினான். அந்தப் பெரியவர் நல்லவர். "இருக்கட்டும்மா, நம்ம தலைதானே" என்று குனிந்து கொடுத்தார். என் கணவர் ஓர இருக்கையில் இருந்தார். "கொஞ்ச நேரத்துல சரியாயிடுவான் பாரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. தகப்பனின் நம்பிக்கை என்று நினைத்தேன்.

7. பிறகு அலறிக்கொண்டிருந்தவன் பாதி அலறலில் நின்றான். தலை என் கையில் சாய்ந்தது. தூங்கிவிட்டான் என்று முதலில் மகிழ்ந்தேன். போர்வையை இழுத்துவிடும்போது அவன் கை துணிபோல விழுந்தது. கூப்பிட்டேன். கன்னத்தைத் தட்டினேன். உள்ளங்காலைக் கிள்ளினேன். எழவில்லை. மூச்சு வருகிறதா என்று பார்க்க என் கன்னத்தை அவன் மூக்கருகே வைத்தேன், என் மூச்சே எனக்கு இடைஞ்சலாக இருந்தது. ஐயா, என் பிள்ளை போய்விட்டான் என்றே நினைத்தேன். இந்த ஒரு வரியைத் தங்கள் கோப்பில் எங்கும் எழுதியிருக்க மாட்டார்கள். நான் கத்திய கத்தலில் விமானம் முழுக்க எழுந்து நின்றது.

8. தங்கள் பணிப்பெண்கள் ஓடி வந்தார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள். மருத்துவர் யாராவது இருக்கிறீர்களா என்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் மருத்துவர் வந்தார். அவர்கள் யாரைப் பற்றியும் எனக்குக் குறையில்லை. என் மகன் உயிரோடு இருப்பதற்கு அவர்களுக்கு நான் கடன்பட்டவள். அந்த மருத்துவர் பிள்ளையின் இமையைத் தூக்கிப் பார்த்தார். வாயை முகர்ந்தார். சட்டைக் காலரில் இருந்த இளஞ்சிவப்புக் கறையை விரலால் தேய்த்து அதையும் முகர்ந்தார். "சளி மருந்து வாசனை வருதே. எவ்வளவு குடுத்தீங்க?" என்று என்னைக் கேட்டார்.

9. "எதுவுமே குடுக்கல டாக்டர்" என்றேன். ஒரு முறை அல்ல, அவர் கேட்ட ஒவ்வொரு முறையும் சொன்னேன். எனக்குத் தெரிந்த உண்மை அதுதான். ஒரு சொட்டுகூடக் கொடுக்கவில்லை, கொடுக்கவே கூடாது என்று சொன்னவள் நான் என்று அடித்துச் சொன்னேன். நான் எவ்வளவு அழுத்திச் சொன்னேனோ அவ்வளவுக்கு மருத்துவரின் முகம் இறுகியது. மருந்து உள்ளே போயிருப்பது அவருக்குத் தெரிகிறது, தாய் இல்லை என்று சாதிக்கிறாள், அவர் வேறு என்ன நினைப்பார்? உண்மையைச் சொன்னதாலேயே நான் பொய்க்காரியானேன்.

10. அப்போது தங்கள் மூத்த பணிப்பெண் என்னை விட்டுவிட்டு என் கணவர் பக்கம் திரும்பினார். "சார், பதட்டத்துல அவங்களுக்கு ஞாபகம் இல்லாம இருக்கலாம். நீங்க சொல்லுங்க, அவங்க ஏதாவது குடுத்தாங்களா?" என்று கேட்டார். கேள்வியே இப்படித்தான் இருந்தது. நீங்கள் கொடுத்தீர்களா என்று அவரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்ட கேள்விக்கு அவர் என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், எதிரில் திரையில் நகர்ந்துகொண்டிருந்த விமானப் படத்தைப் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார். வாயைத் திறக்கவில்லை. மனைவியைக் காட்டிக்கொடுக்க மனமில்லாத நல்ல கணவனின் மௌனமாக அது மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மூத்த பணிப்பெண் அவர் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார்.

11. என் வேலை பற்றி ஒரு வார்த்தை. பார்வைப் பலகையில் எழுத்து தெரியாமல், முன்னால் போனவர் படித்ததைக் கேட்டு மனப்பாடமாக ஒப்பிப்பவர்கள் கடைக்கு வருவார்கள். முதல் வரியிலேயே பிடித்துவிடுவேன். அப்படிப்பட்டவளுக்கு, கைக்கெட்டும் தூரத்தில் ஐந்தாண்டாகப் பக்கத்தில் படுத்தெழுந்தவரின் முகத்தைப் படிக்கத் தெரியவில்லை. அவரும் என்னைப் போலவே இடிந்துபோய்ப் பேச்சற்று இருக்கிறார் என்று நினைத்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

12. இறங்கியதும் விமான நிலைய மருத்துவ அறையில் பிள்ளையை வைத்துப் பார்த்தார்கள். வெகுநேரம் கழித்துக் கண் விழித்து, "மொட்ட தாத்தா எங்க?" என்று கேட்டான். நானும் செவிலியும் சேர்ந்து அழுதோம். சளி மருந்து சில பிள்ளைகளை முதலில் ஆட்டிவைத்துவிட்டுத்தான் மயக்கும், இனி ஆபத்தில்லை, அழைத்துப் போகலாம் என்றார்கள். பெட்டிகள் வரும் பட்டையருகே நிற்கும்போது என் அம்மா ஃபோன் செய்தார். எடுத்ததும் அவர் கேட்டது, "நல்லாத் தூங்கினானா? கார் நிறுத்தற இடத்துல ஜூஸ்ல கலந்து ஒரு மூடிதான்டி குடுத்தேன். நீ தூங்கணுமேன்னுதான்" என்று.

13. நான் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு கணவரைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்தது. "அத்தையும் குடுத்தாங்களா?" என்றார். அந்த "-உம்" இல்லாமலிருந்தால் எனக்கு இன்றும் தெரிந்திருக்காது.

14. நடந்தது இதுதான். என் அம்மாவும் என் கணவரும் கல்யாணம் ஆன நாளிலிருந்து எதிலும் ஒத்துப்போனவர்கள் அல்லர். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதில்கூட இரண்டு கட்சி. அந்த இருவரும் என் முதுகுக்குப் பின்னால் ஃபோனில் பேசி, முதன்முறையாக ஒரு விஷயத்தில் ஒன்று சேர்ந்திருக்கிறார்கள். அம்மா மருந்து வாங்கித் தருவது, விமானத்தில் நான் கழிவறைக்குப் போகும்போது என் கணவர் கொடுப்பது என்று ஏற்பாடு. ஆனால் மாப்பிள்ளை சொன்னபடி செய்வாரா என்று அம்மாவுக்குச் சந்தேகம். எதற்கும் இருக்கட்டும் என்று தன் பங்குக்கு முன்கூட்டியே ஒரு மூடி கொடுத்து, அதை அவரிடம் சொல்லாமல் விட்டுவிட்டார். அவரோ நான் கழிவறைக்குப் போனதும் சொன்னபடி செய்துவிட்டார். அதுவும், ஒரு மூடி இவனுக்கு எங்கே பத்தும் என்று கொஞ்சம் தாராளமாக. இருவரும் ஒருவரையொருவர் நம்பியிருந்தால் என் மகன் பாதி மருந்தோடு தப்பியிருப்பான். என்னை மதித்திருந்தால் மருந்தே இல்லை.

15. என் அம்மா விஷயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிள்ளை மயங்கியதைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். இன்று இங்கிருந்து ஃபோன் செய்து தடையைப் பற்றிச் சொன்னேன். "என் பேர்லயே எழுதச் சொல்லுடி. என்னைப் பறக்க விடாட்டாப் போறது, எனக்கு எங்க போகணும்?" என்றார். அவர் கைப்பட எழுதி ஃபோனில் அனுப்பியதைக் கவுண்டரில் அச்செடுத்து இணைத்துள்ளேன். அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஆனாலும் அவரோடு தினமும் பேசுகிறேன், ஏனென்றால் செய்ததைச் செய்தேன் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

16. என் கணவரிடம் நான் ஒன்றே ஒன்று கேட்டேன். விமான நிறுவனத்தைக் கூப்பிட்டு, கொடுத்தது நான், என் மனைவி அல்ல என்று சொல்லுங்கள் என்றேன். சரி என்றார். மறுநாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "பேசிட்டேன். எல்லாம் சரியாயிடுச்சு, விடு" என்றார். நானும் விட்டேன். புது வீட்டில் பெட்டிகளைப் பிரித்தேன், திரைச்சீலை மாட்டினேன். விட்டது போலத்தான் இருந்தது. ஆனால் அவர் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் நான் அடுப்படியிலிருந்து ஓடி வந்து பிள்ளையின் வாயை முகர்ந்து பார்க்க ஆரம்பித்தேன். டம்ளரை முகர்ந்தேன். கழுவும் தொட்டியை முகர்ந்தேன். பிள்ளை நன்றாகத் தூங்கினால் எனக்குத் தூக்கம் போயிற்று. இப்படி மோப்பம் பிடித்துக்கொண்டு ஒருவரோடு குடித்தனம் நடத்த முடியாது. கொஞ்ச நாள் அம்மா வீட்டில், பழைய கடையில், என் சொந்தச் சம்பாத்தியத்தில் பிள்ளையோடு இருந்து யோசிக்கலாம் என்றுதான் இன்று டிக்கெட் போட வந்தேன்.

17. வந்த இடத்தில்தான் மீதியும் தெரிந்தது. தடை விதிக்கும் முன் தங்கள் அலுவலகம் பதிவில் உள்ள எண்ணுக்கு அழைத்து விசாரித்ததாம். அந்த எண் என் கணவருடையது. "ஆமா, அவங்கதான் குடுத்தாங்க. பயந்துபோய் இல்லன்னு சொல்லிட்டாங்க. இனிமே நான் பாத்துக்கறேன்" என்று அவர் சொன்னதாகக் கவுண்டர் பெண் திரையைப் பார்த்து வாசித்தார். விமானத்தில் அவர் வாயைத் திறக்காததற்கு நானே ஆயிரம் சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். பயம், அதிர்ச்சி, அத்தனை பேர் முன்னால் கூச்சம் என்றெல்லாம். இது அப்படியல்ல. பிள்ளை நலமாகி, அவசரம் எல்லாம் அடங்கி, நிதானமாக நாற்காலியில் உட்கார்ந்து சொன்ன வார்த்தை இது. நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று பேச்சுக்குச் சொல்வோம். எனக்கு உண்மையாகவே கழுத்தில் வலித்தது.

18. இந்தக் காத்திருப்பு அறையிலிருந்தே அவருக்கு ஃபோன் செய்தேன். மறுக்கவில்லை. "வேற என்ன சொல்லச் சொல்ற? வந்து சேந்ததும் சேராததுமா, பாதுகாப்பு அலுவலரே பெத்த பிள்ளைக்கு மருந்து குடுத்தான்னு தெரிஞ்சா வேலை நிக்குமா? நீ வேலைக்கா போற, உனக்கு என்ன ஆகப்போகுது?" என்றார். ஊருக்குப் போகிறேன், இங்கே வந்து சம்மதம் சொல்லிவிட்டுப் போங்கள் என்றேன். நிதானமாக, கோபமே இல்லாமல், "நான் வந்து சொன்னாத்தானே நீ போவ? வரல" என்று வைத்துவிட்டார்.

19. ஆகவே தாங்கள் கவனிக்க வேண்டியது இது. குழந்தையின் பாதுகாப்புக்காக என்று நல்லெண்ணத்தில் ஒரு நிபந்தனை விதித்தீர்கள். அந்த நிபந்தனையின்படி என் மகன் தனக்கு மருந்து கொடுத்தவருடன் பறக்கலாம், கொடுக்காதே என்றவளுடன் பறக்கக்கூடாது. அது மட்டுமல்ல, நான் இந்த ஊரைவிட்டுப் போவதும் போகாததும் இப்போது அவர் இஷ்டம். ஒருவர் தன் மனைவியை வீட்டில் பூட்டி வைத்தால் போலீஸ் வரும். அவர் பூட்டவில்லை, பூட்டியது தாங்கள். சாவியைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்திருக்கிறீர்கள்.

20. என் கணவரைத் தண்டிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவருக்குத் தடை விதியுங்கள் என்றும் கேட்கவில்லை. அவருடைய வேலை போக வேண்டும் என்ற எண்ணமும் எனக்கில்லை, பிள்ளைக்கு அவர் தகப்பன். அந்த மூத்த பணிப்பெண்ணையும் மருத்துவரையும் மறுபடி விசாரியுங்கள், என் அம்மாவின் வாக்குமூலத்தைப் படியுங்கள். நான் கொடுத்ததை யாராவது கண்ணால் பார்த்தார்களா என்று மட்டும் கேளுங்கள். யாரும் பார்த்திருக்க முடியாது. அதன் பிறகு என் பெயருக்கு நேரே உள்ளதை நீக்கி, எனக்கும் என் மகனுக்கும் அடுத்தடுத்து இரண்டு இருக்கைகள் ஒதுக்கித் தருமாறு வேண்டுகிறேன். ஜன்னலோரம் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வழி முழுக்க அவன் அலறினாலும் நான் பார்த்துக்கொள்வேன். பக்கத்தில் வருபவர்களிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன்.

21. கடைசியாக ஒன்று. இந்த மனுவின் மேல் தாங்கள் விசாரணை செய்யும்போது, வழக்கப்படி பதிவில் உள்ள எண்ணுக்குத்தான் முதலில் அழைப்பார்கள். அவர் மரியாதையாகப் பேசுவார், நிதானமாகப் பேசுவார், என்மேல் அக்கறையோடும் பேசுவார். கேட்பவருக்கு நம்பத்தான் தோன்றும். நானே ஐந்து வருடம் நம்பினேன். என் எண்ணை இந்தத் தாளின் அடியில் தனியாக எழுதியிருக்கிறேன். தயவுசெய்து இந்த முறை என்னைக் கூப்பிடுங்கள்.

தங்கள் பதிலுக்காக இங்கேயே காத்திருக்கும்,

(கையெழுத்து)
குழந்தையின் தாய்

இடம்: நகர அலுவலகக் காத்திருப்பு அறை
தேதி: மனு கவுண்டரில் பெறப்பட்ட நாள், முத்திரைப்படி

இணைப்பு: பெயர், பாஸ்போர்ட், பயண விவரங்கள், என் அம்மாவின் வாக்குமூலம், என் தொலைபேசி எண்.